போல்ட் என்றால் எந்த ஊரில்?

டப்ளினில் என் மகள் அபியைப் பள்ளியில் சேர்த்த புதிதில், ஒரு நாள் வாசலில் வைத்து ஆசிரியை சொன்னார்: "அபி வாஸ் வெரி போல்ட் டுடே." எனக்குப் பெருமை தாங்கவில்லை. "தாங்க் யூ, தாங்க் யூ" என்றேன். அன்றே கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளை நல்ல துணிச்சல்காரியாம் என்று சொல்லி மகிழ்ந்தேன். நான் நன்றி சொன்னபோது ஆசிரியையின் முகம் ஏன் கோணியது என்பது, பிறகு இன்னொரு தாய் விளக்கியபோதுதான் தெரிந்தது. அயர்லாந்தில் பிள்ளையைப் போல்ட் என்றால் குழப்படி என்று அர்த்தம். அபி யாரோ ஒருவனின் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கி எறிந்திருக்கிறாள்.

இப்படியான ஆங்கிலச் சொற்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. நான் வளர்ந்தது கொழும்பில், கொட்டாஞ்சேனையில். முதல் வேலை துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில். வேலை முடிய இருட்டிவிடும், பஸ் கிடைக்காது. ஆண் ஊழியர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, வீட்டுக்குப் போகக் கம்பனி ஒரு வான் வண்டி தர வேண்டும் என்று கேட்டார். மேலாளர் சிரித்து, "போல்ட் ஃபெலோ" என்று அவர் தோளில் தட்டினார். வான் வரவில்லை. சில மாதம் கழித்து அதே கேள்வியை நான் கேட்டேன். "டோன்ட் பி இம்பர்ட்டினன்ட்" என்றார் அதே மேலாளர். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். துணிவுக்கும் திமிருக்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் அதில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் போல இருந்தன. வாய் திறப்பவர் யார் என்பதைப் பார்த்துத்தான் எந்த வீடு என்று முடிவாகும் போலிருக்கிறது. அப்பாவுக்கு அகராதி தேவைப்படவில்லை. "உனக்கு வாய் கூடிப்போச்சு" என்றார்.

அதன்பிறகு வாயை மூடப் பழகினேன். நன்றாகவே பழகிவிட்டேன். இப்போது டப்ளினில் முதியோர் இல்லமொன்றில் வேலை. அங்கே மேற்பார்வையாளர் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: "நீ இன்னும் அசெர்ட்டிவாக இருக்க வேண்டும், வேண்டியதை வாய் திறந்து கேட்க வேண்டும்." ஒரு நாட்டில் கட்டிப்போட்டதை இன்னொரு நாட்டில் அவிழ்த்துக் காட்டச் சொல்கிறார்கள். களைப்பாக இருக்கிறது.

இந்த விடுமுறைக்கு அபியையும் கூட்டிக்கொண்டு அக்காவிடம் போனேன். அபிக்கு இப்போது பதினேழு வயது. அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. அத்தான் இறந்த பிறகு, கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் வாடகைக்குத் தனியே இருக்கிறார். கீழே வீட்டுக்காரர். தண்ணீர் மோட்டார் அவர் கையில். தன் தேவை முடிந்ததும் நிறுத்திவிடுவார். அக்கா அறுபத்தைந்து வயதில் வாளியில் தண்ணீர் தூக்கிப் படியேறுவதைக் கண்ட அபி, நான் தடுக்கும் முன்பே கீழே இறங்கிவிட்டாள்.

"அங்கிள், பெரியம்மா ரென்ட் தாறா தானே? ஏன் தண்ணியை நிப்பாட்டுறீங்கள்? திஸ் இஸ் நாட் ஃபெயர்."

வீட்டுக்காரர் அவளைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். "யுவர் டோட்டர் இஸ் வெரி போல்ட், நோ?"

"சொறி அண்ணை" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, தானாக வந்தது. படியேறும்போது அபி கேட்டாள்: "ஏன் அம்மா அவர் என்னை ஏசினவர்? நான் ஒரு குழப்படியும் செய்யேல்லையே." அது ஏச்சா, பாராட்டா என்று எனக்கும் பிடிபடவில்லை.

அன்று மாலை தண்ணீர் வந்தது. மறுநாள் காலை வீட்டுக்காரரும் வந்தார். "ரீச்சர், என்ர மகள் திரும்பி வாறாள். நீங்கள் வேற இடம் பாருங்கோ."

அபி வாய் திறக்கப் போனாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். வீட்டுக்காரர் போனபின் அக்கா எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் ரெண்டு பேரும் பிளேன் ஏறிடுவீங்கள். நான் இந்தப் படியாலதான் ஏறோணும்."

திரும்பிப் போக ஒரு டிக்கெட் கையில் இருந்தால் யாருக்கும் துணிச்சல் வரும் என்று அப்போதுதான் உறைத்தது.

பின்னேரம் அக்கா தலையை இழுத்து முடிந்துகொண்டு கீழே போனார். நானும் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, யாரும் இருக்கச் சொல்லாமலே வீட்டுக்காரரின் கதிரையில் அமர்ந்தார்.

"பிள்ளை கதைச்ச விதம் பிழையெண்டா நான் மன்னிப்புக் கேக்கிறன். கதைச்ச விஷயம் சரி. எனக்குப் போறதுக்கு வேற இடமில்லை அண்ணை. நான் எழும்ப மாட்டன். தண்ணிக்கு என்ன செய்வம் எண்டு சொல்லுங்கோ."

குரல் உயரவில்லை. உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் மனைவி, "பின்னேரமும் மோட்டரைப் போட்டு விடுங்கோவன்" என்றார். அவ்வளவுதான். மகள் வரும் கதையை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. அக்கா செய்ததற்குப் பொருந்த ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடினேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களும் எழுந்து நிற்பவர்களுக்கானவை. இவர் உட்கார்ந்தல்லவா இருந்தார்.

புறப்படும் நாள் விமான நிலையத்துக்குப் போகும் வான் ஒழுங்கையில் நின்றது. அபி ஏறி அமர்ந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு, "அம்மா, வி ஆர் கோயிங் ஹோம், ரைட்?" என்று கேட்டாள். அதே நேரம் மேல் பல்கனியிலிருந்து அக்கா கூப்பிட்டார்: "இனி எப்பவடி வீட்டை வாறாய்? வருவாய் தானே?"

"ஓம்" என்றேன். அது யாருக்குச் சொன்ன பதில் என்று இருவரும் கேட்கவில்லை. வான் ஒழுங்கையை விட்டுப் பிரதான வீதியில் திரும்பியது.