மைத்துனன் போட்ட கோடு

1991 ஜனவரி 9, புதன்கிழமை. காலை ஆறு மணிக்குக் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். நோட்டில் ‘காலை – 21’ என்று எழுதினேன். காற்று இல்லை. மேகம் இல்லை. எட்டு பத்து பஸ்ஸில் திருச்சுழி அலுவலகத்துக்குப் போய்விட்டு, மாலை ஆறேகாலுக்கு அருப்புக்கோட்டையில் வந்து இறங்கினேன்.

அந்தத் தெர்மாமீட்டர் மதுரையில் ஜோடியாக வாங்கியது. மைனஸ் நாற்பதிலிருந்து ஐம்பது வரை எண்கள் இருக்கும். “கீழ்ப்பாதி நமக்கு வேஸ்ட்டு சார்” என்று கடைக்காரரே சொன்னார். இன்னொன்றைப் பட்டாளத்தில் இருந்த என் மைத்துனனிடம் கொடுத்து, தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்து எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். நவம்பரில் அவனை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எந்த ஊர் என்று எழுதக் கூடாதாம். விலாசத்தில் வெறும் எண்தான். ஊர் தெரியாவிட்டாலும் அவனுக்கென்று நோட்டில் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன். எங்களுக்கு 22 என்றால் அவனுக்கு 19. எங்களுக்கு 21 என்றால் அவனுக்கு 24. ‘இங்கே ஒரே பனி’ என்று எழுதுவான். மார்கழியில் இங்கேயும் பனிதான்.

கடிதத்துக்குக் கடிதம், கம்பளிக் குல்லா ஒன்று அனுப்பச் சொல்லி அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் நோட்டைக் காட்டித் தடுத்தேன்.

“இருபத்திநாலுக்குக் குல்லாவா? செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க.”

“அப்ப இருபத்தொண்ணுக்கு நீங்க எதுக்கு மாட்டுறீக?” என்றாள் மனைவி.

“எனக்குச் சைனஸ்.”

அன்று மாலை புதுக் கடிதம் வந்திருந்தது. அவளே உரக்கப் படித்தாள். “இன்று காலை இருபத்தெட்டு. பேனா மை உறைந்துவிட்டதால் பென்சிலில் எழுதுகிறேன்.”

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். போன மே மாதம் இங்கே ஆறு காலைகள் 28. மை உறைந்ததாகக் குறிப்பு ஏதும் இல்லை.

“மட்டமான மை வாங்கியிருப்பான்” என்றேன்.

அவள் கடிதத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு பின்வாசலுக்குப் போய்த் தெர்மாமீட்டரைக் கழற்றி வந்து என் முன்னால் நீட்டினாள்.

“மேல ஒரு இருபத்தெட்டு இருக்கா? கீழயும் ஒண்ணு இருக்கு பாருங்க. ‘காலை – 28’னு அவென் போட்டது வெறும் கோடு இல்ல, கழித்தல் குறி.”

கடிதத்தையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். அவன் கோடும் என் கோடும் ஒரே நீளம்.

“உங்களுக்குச் சைனஸு, எந் தம்பிக்கு மைனஸு!” என்று சிரித்தவள், சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டே இருந்தானே.”

“பட்டாளத்துலயே குல்லா குடுத்திருப்பாக.”

“அது பத்துனா இங்க ஏன் கேக்கான்?”

நான் சிவப்பு மையை எடுத்து, அவன் பத்தியில் ஐம்பத்திரண்டு இடங்களில் ‘மைனஸ்’ என்று எழுதித் திருத்தினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் பார்சலைத் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆணியில் என் குல்லாவைக் காணோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, முதல் வேலையாக, வெறுந்தலையோடு பின்வாசலுக்குப் போனேன். கோடு போடாமல் எழுதினேன்: காலை +20. தும்மல் மூன்று.