இருவர் அழைத்த ஒரு சொல்

போளூரில் நான் நடந்து சென்றால் எதிரே வருபவர் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவன். ஊர்த் தேவாலயத்தின் பங்குப் பேரவைத் தலைவராகவும் இருந்தவன். இங்கே, ஜெர்மனியில், மகன் வீட்டுக்கு வெளியே என்னை அறிந்தவர் எவருமில்லை. முழங்கால் வலிக்காக மருத்துவமனையில் காத்திருக்கையில் ஒரு சொல் மட்டும் என்னை நிமிரச் செய்கிறது: 'ஷ்வெஸ்டர்.' முதியவர்கள் செவிலியரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கன்னியாஸ்திரீகளையும் அதே சொல்லால்தான். என் மகளும் ஷ்வெஸ்டர்தான் என்று அருகிலிருந்த மூதாட்டியிடம் ஒருநாள் சொன்னேன். வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். முடியாது என்றேன். இப்படியுமா வேலை வாங்குவார்கள் என்று என் கையைப் பற்றி வருந்தினார். விளக்கிச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.

மகள் செவிலியம் படித்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். ஜவ்வாது மலையில் ஒரு சிறு மருந்தகத்தில் இருக்கிறாள். வாழ்நாள் முழுதும் துறவில் இருப்பேன் என்ற இறுதி வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டால் பிறகு திரும்ப மாட்டாள். அதற்கு முன் அவளை அழைத்துவந்துவிட வேண்டும் என்று, விமானம் ஏறுவதற்குச் சில நாள் முன்பு மலைக்குப் போனேன். இங்கே அவளுக்கு மருத்துவமனை வேலைக்கு மகன் ஏற்பாடு செய்திருந்தான். அதுவும் நோயாளிகளுக்குச் செய்யும் தொண்டுதானே என்பது என் வாதம்.

மருந்தகத்தில் எல்லோரும் அவளை 'அம்மா' என்றார்கள். அவள் பிறந்தது முதல் நான் கூப்பிடுவதும் அப்படித்தான். என் வயதொத்த, பல்லில்லாத ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க அம்மாவுக்கு அப்பாவா நீங்க? அப்போ எனக்குத் தாத்தா ஆவணுங்க." வரிசை முழுதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

உள்ளே சென்று, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி, "அம்மா, என்னோட வந்துடு" என்றேன். அதே நேரம், துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். "அம்மா, புள்ள கண்ணே தொறக்கல. இன்னான்னு பாருங்க."

மகள் இருவரையும் பார்த்தாள்.

"குந்துங்கப்பா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் போனாள்.

துறவுக்கு வருவதை எங்கள் திருச்சபையில் கடவுளின் 'அழைத்தல்' என்போம். மேடைகளில் அச்சொல்லைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

அவள் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்ததை இங்கிருந்து கைப்பேசியில் கண்டேன். இப்போதும் மருத்துவமனையில் யாராவது ஷ்வெஸ்டர் என்று கூப்பிட்டால், வரப்போவது வேறொருத்தி என்று தெரிந்தும் என் கழுத்து வாசலுக்குத் திரும்பிவிடுகிறது.

அன்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னை அனுப்பிவிட்டாள் என்று போளூரில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. குழந்தை கண் விழித்ததும் அவள் என்னிடம் வந்தாள். சாமைக் கஞ்சி கொடுத்தாள். என் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிற்கும் இடம் வரை வந்தாள்.