கதவுக்குள் பஞ்சு

ஆர்.எஸ்.புரம் வீட்டு ஷெட்டில், அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் கதவில் துருவைச் சுரண்டியபோது ஓட்டையை மூடியிருந்த பட்டிப் பூச்சு உதிர்ந்து, உள்ளிருந்து பஞ்சு வந்தது. ஈரத்தில் மக்கிய வாசனை.

அதை அடைத்தபோது எனக்கு ஏழு வயதிருக்கும், ஐப்பசி மழைக்காலம். “இன்னொரு ஓட்டை உளுந்தா வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தானுங்க” என்று அம்மா அப்பாவிடம் சொல்லியிருந்தார். அடுத்த வாரமே கதவில் ஓட்டை. பஞ்சு மில்காரரான அப்பா கைக்குக் கிடைத்த கழிவுப் பஞ்சை அதில் அடைத்து, பட்டி பூசி, சிவப்புப் பெயின்ட் அடித்தார்.

அம்மா தேங்காயைப் போலக் கதவைத் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் சத்தம் வரவில்லை.

“ஏனுங்க, உள்ள மெத்தை தெச்சுப்போட்டீங்களா?”

அப்பா தலைகுனிந்து நின்றார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

“எடுங்க, அடுத்த மழைக்கு முன்னால சென்னிமலை போயிட்டு வந்தர்லாம்.”

இப்போது பார்த்தால், பஞ்சு குடித்த தண்ணீரில் கதவின் அடித்தகடு மொத்தமும் அரித்துப் போயிருக்கிறது. பஞ்சை அடைக்காதிருந்தால் வண்டி அன்றைக்கே இரும்புக் கடைக்குப் போயிருக்கும். புதுத் தகடு வைக்க, அரித்த தகட்டை வெட்டத் தொடங்கினேன்.