குருவி தின்ற ஓரியன்

படத்தை இன்னும் ஓரடி இறக்கச் சொன்னார் குஞ்சிதபாதம். சுடர்விழி கையில் ரசமட்டத்தோடு நின்றாள்.

"அப்பா, கண் மட்டம் நாலே முக்கால் அடி. எல்லா எடத்துலயும் அப்படித்தான் மாட்டுவாங்க."

"யாரு கண்ணுக்கு? சக்கர நாற்காலில வர்றவங்க என்ன எந்திரிச்சு நின்னா பாப்பாங்க? இறக்கும்மா."

மூன்றே முக்கால் அடிக்கு இறங்கியது. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

குஞ்சிதபாதம் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் காவலர். ராத்திரியெல்லாம் மூட்டைக்குக் காவல் இருந்தவருக்கு அண்ணாந்து பார்ப்பது பழகிப்போனது. மகள் பொறியாளராகி வாங்கித் தந்த கேமராவில் வானத்தைப் படம் பிடித்தார். ஓய்வு பெற்றபின், அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த அதே நிலையத்தின் கொட்டகையைக் கண்காட்சிக்குக் கேட்டு வாங்கினார். பதினெட்டுப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் நாலு வரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத வரியை அடித்துவிடுவார்.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டது செல்லதுரை. அங்கே மூட்டை தூக்கியவர். சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. "அப்படி என்னத்தடா எடுத்து வச்சிருக்க? எனக்கும் காட்டேன்" என்று கேட்டிருந்தார். கேலிதான். குஞ்சிதபாதம் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

தடவிப் பார்க்க ஒரு பலகை செய்தார். ஓரியன், வேட்டைக்காரன் உருவில் தெரியும் நட்சத்திர மண்டலம். பிரகாசமான நட்சத்திரத்துக்கு ஏழெட்டு நெல்மணி, மங்கலானதற்கு ஒன்று. மைதாப் பசையில் ஒட்டிக் கொட்டகையில் காயவைத்தார். காலையில் போனால் பசைத் தடம்தான் இருந்தது. மேலே உத்தரத்தில் குருவிகள்.

"இருபத்தாறு வருஷம் குருவி விரட்டினவன், நெல்லத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கேன் பாரு" என்று மகளிடம் போனில் சிரித்தார். அடுத்த பலகைக்குக் குமிழ்த்தலை ஆணி அடித்தார், மூன்று அளவில்.

படம் மாட்டிய மூன்றாம் நாள் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கண்காட்சி வேண்டாம் என்றார்கள் உறவினர்கள். காரியம் முடிந்ததும் சுடர்விழி கொட்டகையைத் திறந்தாள். செல்லதுரையைத் தன் வண்டியிலேயே அழைத்து வந்தாள்.

அவர் விரல் பலகையில் மெதுவாக நகர்ந்தது.

"மூணு வரிசையா இருக்கே."

"ஓரியனோட இடுப்புக் கச்சை, மாமா."

"கோணலா இருக்கு. நான் மூட்டை அடுக்குனா நூல் புடிச்ச மாதிரி இருக்கும்."

"வானத்துலயே கோணல்தான்."

"அப்ப உங்கப்பன் சரியாத்தான் அடிச்சிருக்கான்."

ஆணிகளை மறுபடி முதலிலிருந்து தடவினார். ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டார். வெளியே பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் காத்திருந்தார்கள்; அவர் அவசரப்படவில்லை. கச்சைக்குக் கீழே விரல் நின்றது.

"இங்க காலியா இருக்கு?"

"இல்ல மாமா. அங்க புகை மாதிரி ஒண்ணு இருக்கு. புதுசா நட்சத்திரம் பொறக்குற எடம்."

"அத ஏன் வைக்கல?"

அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம். உள்ளே அப்பாவின் கையெழுத்து. அவள் வாசித்துக் காட்டினாள்: "இலவம்பஞ்சு. தஞ்சாவூர் கீழவாசல் கடை. திங்கட்கிழமை போகணும்."