இடது கைக்காரன் கட்சி

எட்டு வருடங்கள் கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் எனக்கும் பக்கத்து மேஜைக்காரருக்கும் ஒரே தகராறு. எழுபத்தாறு கிலோ வரைக்குமான சூப்பர் மிடில்வெயிட் குத்துச்சண்டையில், பழைய ஆட்களில் யார் பெரியவன்? எல்லோரிடமும் மோதி இரண்டு தடவை தோற்ற இடது கைக்காரன் என்பேன் நான். தோற்கவே தோற்காத இன்னொருவன் என்பார் அவர். "தோக்கற ஆளாப் பாத்துத்தான சார் அவன் மோதினான்" என்று கத்துவேன். சாப்பாட்டு நேரம் போதாது, படகுத்துறை வரைக்கும் வாய் ஓயாது. வீட்டுக்கு வந்தும் உட்கார முடியாமல் கூடத்தில் நடந்துகொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோற்காதவனின் பழைய ஆட்டங்களைக் கேபிள் டிவியில் பார்த்தேன். அவன்தான் பெரியவன். ஆபீஸில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, வழக்கம்போலவே கத்தினேன்.

அவர் மாற்றலாகிச் சென்னைக்குக் கிளம்பிய அன்று, ஹௌராவில் ரயில் ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னார்: "நீங்க சொன்னதுதான் சார் சரி. இடது கைக்காரன்தான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன சார் பேசறீங்க, தோக்காதவன் பெரியவன் இல்லையா?"

வண்டி நகர்ந்தது. கூடவே ஓடினேன். அவர் கத்தினார்: "தோக்கற ஆளாப் பாத்துத்தான சார் அவன் மோதினான்."

இதற்கு எட்டு வருடமாக அவர் என்ன பதில் சொல்லிவந்தார் என்று நான் யோசிப்பதற்குள் வண்டி போய்விட்டது.