அத்தை பார்த்த பிரசவம்

அத்தைக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. மதுரையில் தங்கி ஊசி போட்டுக்கொண்டால் ஆயுள் ஓரிரு மாதம் கூடும் என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர். பட்டம் முடித்திருந்த நானும் அதையே வற்புறுத்தினேன்.

“ராசபாளையத்துல எங்க நாய் இந்த வாரம் குட்டி போடும் டாக்டர். அது என்னையத் தவிர யாரையும் கிட்ட விடாது. வலிக்கு மட்டும் மாத்திரை தாங்க,” என்றார் அத்தை.

“நாய்க்காகவா இப்படிச் சொல்றீங்க?”

“நீங்களும் பிரசவம் பாக்குறவியதான? பாதியில விட்டுட்டுப் போவியளா?”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்து, மாத்திரை எழுதினார். கூடும் மாதங்களைக் கணக்கிட்ட நாங்கள் இருவரும், அவற்றில் அத்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கவே இல்லை.

அந்த வாரமே ஏழு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. “ஏட்டி, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கியே, துணியக் கொண்டா!” என்று அத்தை என்னை அதட்டியது தெருவுக்கே கேட்டது. மதுரைப் பேச்சை நான் பிறகு எடுக்கவில்லை.