மூக்கு மாறிய போர்க்கப்பல்

இது நடந்த கதை. ஒரு சொட்டுப் பொய் கிடையாது, இந்த பீர்க் குவளைமேல் சத்தியம். சரி, அப்படி முறைக்காதீர்கள். பீரங்கியைக் கொஞ்சம் இழுத்து நீட்டியிருக்கிறேன், கேப்டனின் மீசையையும். மற்றதெல்லாம் நம் ஈனாக் டப்பனுக்கு அப்படியே நடந்தது.

ஈனாக்குக்கு மெழுகில் கப்பல் செய்கிற வேலை. கடற்படைக்குப் புதுக் கப்பல் கட்டுமுன், அதே வடிவத்தில் இரண்டு ஆள் நீளத்துக்கு மெழுகில் வார்த்துச் சீவி, தெரு நீளத் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்ப்பார்கள். நன்றாக ஓடினால்தான் இரும்பில் கட்டுவார்கள். இழுத்து முடிந்த மெழுகு அன்றைக்கே உருக்குகிற கொப்பரைக்குப் போய்விடும். அடுத்த கப்பலுக்கு மெழுகு வேண்டாமா? முப்பது வருஷத்தில் ஈனாக் உருக்கிய கப்பல்களை வரிசையாக நிறுத்தினால் பிரான்சுக்கு நடந்தே போகலாம்.

ஜார்ஜ் ராஜா முடிசூடிய வருஷம், லண்டனிலிருந்து கேப்டன் பென்ரோஸ் வந்து இறங்கினார். மீசை முதலில் உள்ளே வந்தது, அவர் சற்று நேரம் கழித்து வந்தார். கையில் அவரே வரைந்த போர்க்கப்பல். தட்டை மீன் போல ஒரு உடம்பு, அதன்மேல் ஒரே ஒரு பீரங்கி. அது கப்பலைவிட நீளம்! குறி பார்க்க வேண்டுமென்றால் கப்பலையே திருப்ப வேண்டும். ஒரு முனை கரண்டிபோலத் தட்டை, மறுமுனை கூர்.

"ஐயா, இது கப்பலா, பீரங்கிக்குத் தச்ச செருப்பா?" என்றான் ஈனாக்.

தொட்டிக் கொட்டகையின் தலைவர் செவர்ட்டன் அவன் காலை நறுக்கென்று மிதித்தார். "வரைஞ்சத செய்யுயா. வாய்க்கு யாரும் சம்பளம் குடுக்கல."

செய்தான். இழுத்தார்கள். எல்லோருக்கும் வாய் பிளந்துவிட்டது. வெண்ணெயில் கத்தி போவதுபோல் போயிற்று அந்தச் சனியன். தண்ணீரின் தடையை அளக்கிற முள் தூங்குகிற பூனை மாதிரி அசையவேயில்லை. மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் செய்தி: கப்பல் கட்டப்போகிறார்கள், தொள்ளாயிரம் மாலுமிகள், நம்மூர்க் கப்பல் பட்டறைக்கு மூன்று வருஷ வேலை.

சாயங்காலம் மெழுகை உருக்கிவிட்டு, ஈனாக் படங்களைச் சுருட்டப் போனான். அடியில் இரண்டாவது தாள் ஒன்று இருந்தது. மெழுகுக்காரனுக்கு முதல் தாள் போதும், அதனால் அதை யாருமே பிரிக்கவில்லை. பிரித்தான். அதில் கப்பலைத் தள்ளுகிற விசிறிகள் வலது முனையில் இருந்தன.

விசிறி இருக்கிற முனை வால் அல்லவா? நம் பட்டறையில் தாத்தா காலத்திலிருந்தே எந்தப் படமானாலும் கப்பலின் மூக்கு வலப்பக்கம்தான். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. இந்தக் கேப்டனோ இடதுகைக்காரர். மூக்கை இடப்பக்கம் வரைந்திருக்கிறார்! வெண்ணெயில் ஓடிய கப்பல் வாலை முன்னால் விட்டு ஓடியிருக்கிறது.

செவர்ட்டனிடம் ஓடினான். கேட்டதும் அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"மெழுகு எங்கய்யா?"

"கொப்பரையில, ஐயா."

"அப்ப சாட்சியே இல்ல. வாய மூடிட்டு வீட்டுக்குப் போ. நாலு மாசத்துல பென்ஷன். வாயத் திறந்தா அது போச்சு."

"தொள்ளாயிரம் பேரு ஏறுவாங்களே, ஐயா?"

செவர்ட்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈனாக் நேராகக் கேப்டன் தங்கியிருந்த விடுதிக்குப் போனான். அதிகாரிகளோடு ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்த கேப்டனிடம் நின்றபடியே சொல்லிவிட்டான்.

"குடிச்சிருக்கியா?" என்றார் கேப்டன்.

"இன்னும் இல்லீங்க ஐயா. இதச் சொன்னப்புறம்தான் குடிக்கணும்."

"மறுபடி செய். சரியான மூக்கை முன்னால விட்டும் ஓடிச்சுன்னா உன்ன ரோட்டுல நிறுத்திடுவேன்."

மூன்று நாளில் புது மெழுகு தயார். கேப்டனே தட்டை முனையில் சாக்கட்டியால் 'மூக்கு' என்று எழுதினார். இழுத்தார்கள். பாதி வேகம்கூட வரவில்லை. தட்டை மூக்கு குனிந்தது, தண்ணீரை அள்ளியது, மொத்தமாக உள்ளே போய்விட்டது. எழும்பிய அலை அதிகாரிகளை இடுப்புவரை நனைத்தது.

"அப்ப வாலை முன்னால விட்டே ஓட்டலாமே?" என்றார் ஓர் இளம் அதிகாரி.

"பீரங்கி பின்னால பாக்குமே ஐயா," என்றான் ஈனாக். "எதிரிக்கு முதுகக் காட்டிட்டுத்தான் சண்டைக்குப் போகணும்."

யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் தொட்டியையே வெறித்துக்கொண்டிருந்தார். மீசை நனைந்து, எலிவால்போலத் தொங்கியது. "என் மகனை அந்தக் கப்பல்ல வேலைக்குப் போடச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு வந்தேன்," என்றார் மெல்ல.

கப்பல் காகிதத்தோடு நின்றது. ஈனாக்குக்கு மறுவாரம் ஒரு கடிதம் வந்தது: மெழுகைத் தவறாகச் செதுக்கியதால் வேலை நீக்கம், பென்ஷன் இல்லை.

"அநியாயம்!" என்று கத்தினான், இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்த ஜெத்ரோ; கப்பல் இன்ஜின் அறையில் கரி அள்ளிப் போடுகிறவன்.

"என்னடா அநியாயம்?" பட்டறையில் கப்பலுக்கு ஆணி அடிக்கிற ஸைலஸ் குவளையை டமாலென்று வைத்தான். "அவன் வாயத் திறக்காம இருந்திருந்தா எங்களுக்கு மூணு வருஷ வேலை! எம்புள்ளைங்க அந்த வருஷம் டர்னிப் கிழங்க மட்டுமே தின்னுச்சு!"

"அந்தக் கப்பல்ல ஏறப் பேர் எழுதிக் குடுத்தவன்டா நான்! நீ ஆணி அடிச்ச பெட்டிக்குள்ள நான் மீனுக்குத் தீனியாகணுமா?"

"உன்ன எந்த மீனுடா தின்னும், கரிமூட்ட?"

ஜெத்ரோ பெஞ்சைத் தாண்டி அவன் சட்டையைப் பிடித்தான். மேஜைமேலிருந்த குவளைகள் உருண்டன. டேய், அடிச்சுக்கிறதுன்னா வெளியே போய் அடிச்சுக்குங்கடா! அது என் குவளை!